ஆனி கடைசியில் காய்ச்சிய பால்

லாசரஸ் சாருக்கு ஆடி மாதம் என்றால் கொண்டாட்டம். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு வீடு விட்டுப் பிழைக்கிறவர்களில் ஆடியைக் கண்டு சந்தோஷப்படுகிற ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். மற்ற ஓனர்கள் அந்த மாதம் முழுக்க டு-லெட் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, இவர் சுவர்ப் புட்டி மூட்டையும் டைல்ஸ் பெட்டியுமாகக் காலி வீட்டுக்குள் இறங்கிவிடுவார். "ஆடியில எவனும் குடி வரமாட்டான்னு அழாதீங்க. உங்க வீட்டுக்கு நீங்க முகம் கழுவி விடறதுக்கு ஆண்டவர் குடுத்த மாசம் அது" என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த கையோடு வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புவார். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பொத்தேரி வரை நூற்றெண்பது ஓனர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் சொல்வதெல்லாம் உருப்படியான யோசனைகள். ஹாலுக்குச் செலவு பண்ணாதே, சமையலறைக்குப் பண்ணு. வீட்டைப் பார்க்க வருவது ஆம்பிளை, முடிவு பண்ணுவது பொம்பிளை. ஈரச் சுவரில் புட்டி அடிக்காதே, மூன்று வெயில் காயவிடு. வாஸ்துவை நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை, குடி வருகிறவன் நம்புவான், அடுப்பை எந்த மூலையில் வைக்கிறாய் என்று பார்த்து வை. தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுப் பத்து நிமிஷம் பக்கத்தில் நில். இப்படி நூறு சொல்வார். கொடுத்த வாக்கைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொன்னதில்லை. அதற்கு அவசியம் வருமென்று அவருக்குத் தோன்றியிருக்காது.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் நாற்காலி தேய்த்ததற்குக் கிடைத்த மொத்தத்தையும் அவர் முடிச்சூரில் ஒரு பழைய தனி வீட்டில் போட்டிருந்தார். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீர் நின்ற வீடு. சொந்தக்காரர்கள் அதோடு ஊரை விட்டே போய்விட்டார்கள். லாசரஸ் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அடியில் நூற்றுக்கணக்கான ஜாக்கி கொடுத்து வீட்டையே நாலடி தூக்கி நிறுத்தினார். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன் வீட்டைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டான். மனைவி தபீதாளுக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது; அதற்கப்புறம் பெரும்பாலும் அந்த வீட்டு வாடகைதான் இருவருக்கும் சோறு போட வேண்டும்.

தூக்கி முடித்து, வாசலில் ஆறு படி கட்டி, உள்ளே வேலை தொடங்காமல் கிடந்தபோதுதான் கன்னியம்மா வந்தாள். ஆனி முடிய இரண்டு நாள் இருந்தது. தெருக்கோடியில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் அவள் புருஷன் அன்பு வாட்ச்மேன். அவள் அங்கேயே கூட்டிப் பெருக்கி, மேல்வேலையும் செய்துகொண்டிருந்தாள். குடியிருந்தது சைட்டுத் தகரக் கொட்டகையில். கட்டடம் முடிந்துவிட்டதால் கொட்டகையைப் பிரிக்கப் போகிறார்கள்.

"சார், இந்த வூடு வாடவைக்கு வுடுவீங்களா?"

"வேலை பாக்கி இருக்கும்மா. தரை சரியில்ல, கிச்சன்ல ஒண்ணுமே இல்ல."

"தர இன்னா சார் தர. கதவு கீது, தாப்பா கீது. போதும். வயசுப் பொண்ணு வெச்சிகினு கீறேன். ப்ளஸ் டூ படிக்குது. இங்கேந்து ஸ்கூலு நடந்தே பூடலாம்."

லாசரஸ் அப்படியே இருக்கிற வீட்டுக்கு என்று பத்தாயிரம் சொன்னார். அவள் பேரம் பேசவில்லை. இன்னும் இரண்டு வீட்டு வேலை சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன் என்றாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, அந்த ஆசை அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. லாசரஸுக்கும் அது பிடித்திருந்தது. நல்ல குடித்தனம், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வாள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"ஆனா சார், நாளான்னிக்கு ஆடி பொறக்குது. நாளைக்கே பால் காய்ச்சிட்டுப் போயிடறோம். ஆவணி மொத வாரம் சாமான் எடுத்தாறோம்."

ஊரில் நடப்பதுதான். புது வீட்டு அடுப்பில் முதலில் பால் பொங்க வேண்டும். பொங்கிவிட்டால் குடி வந்தாயிற்று என்று கணக்கு. கட்டில் பீரோ எல்லாம் பின்னால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆடிக்கு முன்னால் பாலைக் காய்ச்சி வீட்டைப் பூட்டிவிட்டு, ஆவணியில் சாவகாசமாக வருகிறவர்கள் எத்தனையோ பேர். லாசரஸ் குடும்பமும் ஜெபம் பண்ணிவிட்டுப் பால் காய்ச்சித்தான் ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டுக்குப் போனார்கள். ஆகவே அவர் சரி என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். அன்பு சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். சமையலறையின் மொட்டைத் தரையில் மூன்று செங்கல்லை வைத்து, கன்னியம்மா சின்ன வெண்கலச் செம்பில் பாலை ஏற்றினாள். மகள் தீபலட்சுமி அறை அறையாக ஓடிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்து முருங்கை மரத்தைப் பார்த்த சின்ன அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நாலு வரியைச் சத்தமாகப் படித்தாள். குரல் வெற்றுச் சுவரில் பட்டு வீடெல்லாம் கேட்டது.

"ம்மா, இங்க சத்தமா படிக்கலாம்மா! யாரும் கம்முனு இருன்னு சொல்ல மாட்டாங்க."

கொட்டகையில் ராத்திரி ட்யூட்டி பார்த்த அப்பன் பகலெல்லாம் தூங்குவான், அவள் வாய்க்குள்ளேயே படிக்க வேண்டும், வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும் என்று கன்னியம்மா விளக்கம் சொன்னாள். அதற்குள் பால் பொங்கி வழிந்தது. எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தாள், லாசரஸுக்கும். ஒரு குடம் தண்ணீரும் கிண்ணத்தில் கல்லுப்பும் சமையலறை மூலையில் வைத்து, கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஆடி பிறந்தது. லாசரஸ் பழக்கதோஷத்தில் வேலையை ஆரம்பித்தார். தரைக்கு மட்டும் டைல்ஸ் போடலாம் என்று தொடங்கினால் சமையலறை கண்ணை உறுத்தியது. சமையலறைக்குக் கிரானைட் மேடை போட்டால் பாத்ரூம் பல்லை இளித்தது. பெயின்ட் மேஸ்திரி சவுரிமுத்து மூலையில் இருந்த குடத்தைக் காட்டி, "இத்த இன்னா சார் பண்றது?" என்று கேட்டான். முதல் வாரம் ஓரமாக நகர்த்தச் சொன்னார். மூன்றாம் வாரம் வெளியே ஊற்றச் சொன்னார். ஆடி முடிகிறபோது வீடு கல்யாணப் பெண் மாதிரி நின்றது. அதைப் பத்தாயிரத்துக்கு விடுவதா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஷ்யாம்சுந்தர் வந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை, புதுப் பெண்டாட்டி, கையோடு முன்பணம், ஏறக்குறைய இரண்டு மடங்கு வாடகை. கன்னியம்மாவிடம் என்ன எழுத்தா கொடுத்திருக்கிறோம் என்று லாசரஸ் ஒரு நாள் பூரா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கேட்டுக் கேட்டு மனசாட்சி வாயடைத்துப்போனதும் அன்புக்குப் போன் போட்டார். வேலை இழுத்துக்கொண்டே போகிறது, தை ஆகிவிடும், வேறு இடம் பார்த்துக்கொள் என்று பொய் சொல்லி, பால் காய்ச்சிய அன்று அவன் கொடுத்திருந்த டோக்கன் பணத்தைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் கன்னியம்மா நேரில் வந்தாள். முடிந்து பளபளக்கிற வீட்டை வாசலிலிருந்து பார்த்தாள்.

"நாங்க பால் காய்ச்சிட்டோமே சார்."

"பால் காய்ச்சினா அக்ரிமென்ட் ஆயிடுமாம்மா?"

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து அவர் தயாராக நின்றார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. உண்மையிலேயே புரியாதவள் போலத்தான் கேட்டாள். "இன்னா சார் இப்டி சொல்றீங்கோ? குடி வந்துட்ட வூட்டாண்டேந்து எங்க சார் போறது?" சொல்லிவிட்டு, படியில் கிடந்த சிமென்ட் தூளை முந்தானையால் தட்டிவிட்டு இறங்கிப் போனாள். லாசரஸுக்கு வெட்கமாக இருந்தது. தபீதாளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆவணியில் ஷ்யாம்சுந்தரும் மனைவியும் சொந்தபந்தங்களோடு வந்து புது கேஸ் அடுப்பில் பால் ஏற்றினார்கள். ஏற்றி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பால் பொங்கிக் கருகுகிற வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. எல்லோரும் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்கள். பால் அப்படியே இருந்தது, சூடுகூட ஏறவில்லை. வாசனை, முன்பு குடமும் உப்பும் இருந்த மூலையிலிருந்து வந்தது. அதன் பிறகு எவ்வளவு நேரம் வைத்தும் அந்தப் பால் பொங்கவில்லை, திரிந்துபோனது. பாக்கெட் பால் லட்சணம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு எல்லோரும் கேசரி சாப்பிட்டார்கள்.

ஐப்பசியில் ஷ்யாம்சுந்தர் சாவியோடு ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்து நின்றான். லாசரஸ் வழக்கம்போல, "லீக்கேஜா? மோட்டாரா?" என்று கேட்டார்.

"இல்ல சார். வீடு அருமையான வீடு. அதான் ப்ராப்ளமே. யாரோ ரொம்ப ஆசையா குடியிருக்கிற வீட்ல நாங்க கெஸ்ட் மாதிரி இருக்கோம்."

கூட வந்த மனைவிக்குச் சொல்லத் தயக்கம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். "டெய்லி மத்தியானம் ஒரு மணிக்கு யாரோ பெருக்கற சத்தம் கேக்கும் அங்கிள். போய்ப் பார்த்தா தரை சுத்தமா இருக்கும். பாசேஜ்ல நான் நடந்தா, எதிர்ல வர்றவங்க ஒதுங்கி வழி விடற மாதிரி இருக்கும். பயமா இல்ல. கூச்சமா இருக்கு. நாமதான் தப்பா உள்ள வந்துட்டோம்ங்கற மாதிரி."

டெனன்ட் சொல்கிற காரணத்தை நம்பாதீர்கள், வேறு வீடு பார்த்திருப்பான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் பேசினார் லாசரஸ்.

அடுத்து கிறிஸ்டினா வந்தாள். நர்ஸ், புருஷன் கத்தாரில், தனியாள். ராத்திரி ட்யூட்டி, பகலில் தூக்கம். போதகரைக் கூட்டிவந்து நாலு அறையிலும் ஜெபம் பண்ணித்தான் குடி வந்தாள். லாசரஸுக்கும் நிம்மதியாக இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் பெய்த மழையில் முடிச்சூர் மறுபடி முங்கியது. கிறிஸ்டினா மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொண்டாள். தெருவில் இடுப்பளவு தண்ணீர். தூக்கிக் கட்டிய வீட்டின் ஐந்தாம் படி வரை ஏறி, வாசலைத் தொடாமல் வடிந்தது. நாலாம் நாள் அவள் லாசரஸுக்குப் போன் செய்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். ஆள் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் மேல ஏத்தி வெச்சிட்டீங்க. அரிசி டப்பா, மெத்தை, பைபிள், சிலிண்டர்கூட பரண்ல ஏத்தியிருக்கீங்க. எப்படி சார் ஏத்தினீங்க? துணியெல்லாம் மூட்டை கட்டி முடிச்சு போட்டு... எங்கம்மாகூட இப்படிப் பண்ண மாட்டாங்க."

மழை நாள் மூன்றும் லாசரஸ் ராஜகீழ்ப்பாக்கத்தை விட்டு நகரவே இல்லை. வீட்டுச் சாவி ஒன்று அவளிடம், இன்னொன்று அவர் மேஜை டிராயரில். அவர் "பரவாயில்லம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அப்புறம் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இவளும் காலி செய்துவிடுவாள் என்ற பயம்தான்.

அவள் ஜனவரியில் தானாகவே சொன்னாள். "சார், பகல்ல ஒரு பொண்ணு படிக்குது. பக்கத்து வீடுன்னு நெனச்சேன். பக்கத்து வீட்ல பொண்ணே இல்ல. நீங்க ஒரு தடவை வந்து கேளுங்க."

லாசரஸ் தனியாகப் போகப் பயந்து தபீதாளையும் அழைத்துப்போனார். மாட்டுப் பொங்கல் விடுமுறை, பகல் பதினொன்றரை மணி. வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது. மூவரும் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சின்ன அறையிலிருந்து குரல் வந்தது. பெண் குரல், ராகம் போட்டு, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்கிற குரல். தபீதாள் முப்பது வருஷம் உயிரியல் டீச்சர். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உற்றுக் கேட்டாள்.

"ப்ளஸ் டூ விலங்கியல். மூலக்கூறு மரபியல் பாடம்" என்றாள் மெதுவாக. "ரெண்டாவது வரியில தப்பா சொல்லுது. பாருங்க, அதுவே திருத்திக்குது."

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். குரல் சட்டென்று நின்றது. டீச்சர் உள்ளே வந்ததும் வகுப்பு நிற்குமே, அப்படி. அறையில் சவுரிமுத்து அடித்த இளம் பச்சைச் சுவரும் ஒரு காலி அட்டைப் பெட்டியும் தவிர ஒன்றுமில்லை. தரையில் ஓர் இடம் மட்டும், ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு, வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் அங்கே படவில்லை. தபீதாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"படிக்கிற புள்ளையப் போய் எழுப்பி விட்டுட்டேனே" என்றாள். அப்புறம் புருஷனைப் பார்த்து, "இந்த வீட்ல முதல்ல பால் காய்ச்சினது யாருங்க?" என்று கேட்டாள்.

லாசரஸ் எல்லாவற்றையும் கக்கினார். கிறிஸ்டினா கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் கோபப்படவில்லை; அந்த வாரக் கடைசியில் காலி செய்து ஹாஸ்டலுக்குப் போனாள். படிக்கிற பெண்ணை விரட்டிவிட்டுத் தூங்க முடியாது என்று சொல்லிவிட்டாள். தபீதாள்தான் ஆடித் தீர்த்தாள். "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றீங்க. ஒரு குடும்பம் உப்பு வெச்சிட்டுப் போன இடத்துல டைல்ஸ் ஒட்டினீங்களா? போய்த் தேடுங்க. மூணு பேரும் உயிரோட இருக்காங்களான்னு முதல்ல பாருங்க."

உயிரோட என்று அவள் சொன்ன சொல்லை லாசரஸ் தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மழையில் எத்தனை கொட்டகை அடித்துக்கொண்டு போயிற்றோ. அன்பின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. சவுரிமுத்துவிடம் கேட்டார். அவன் நாலு மேஸ்திரியிடம் விசாரிக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டான்.

"படப்பை தாண்டி ஒரு சைட்ல கீறான் சார் அன்பு. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்கோ. அந்தக் கொடத்த நான் ஊத்தும்போதே இது தப்புன்னு தோணிச்சு. அது அவங்கோ குடி வந்துட்ட வூடு சார். அக்ரிமென்ட்டு போட்டு அத்த காலி பண்ண முடியாது."

மாசி மாதத்து முதல் வாரம், ஒரு சனிக்கிழமை, லாசரஸ் ஸ்கூட்டரில் படப்பை தாண்டிப் போனார். பாதி எழும்பிய கட்டடத்தின் நிழலில் அதே மாதிரி ஒரு தகரக் கொட்டகை. அதன் வாசலில் கால் நீட்டிக் கண் மூடி உட்கார்ந்திருந்தாள் கன்னியம்மா. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்ததும், கர்த்தாவே உமக்கு ஸ்தோத்திரம் என்றார் லாசரஸ். உயிரோடுதான் இருக்கிறாள். அப்படியானால் முடிச்சூர் வீட்டில் இருப்பது யார் என்ற கேள்வி அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. மணியைப் பார்த்தார். ஒன்று பத்து.

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"வாங்க சார். கிச்சன் கொழா சொட்டிகினே கீதே, ஒரு வாசர் மாத்தக் கூடாதா?"

அந்தக் குழாய் சொட்ட ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. லாசரஸைத் தவிர யாருக்கும் தெரியாது. "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார்.

கன்னியம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "மத்தியானம் வேல முடிஞ்சா செத்த நேரம் கண்ண மூடிகினு குந்துவேன் சார். அந்நேரம் அந்த வூட்ட நெனச்சிப்பேன். ஒவ்வொரு ரூமா பெருக்குவேன். ஒரு மூலை வுட மாட்டேன். மழ அன்னிக்கு இங்க ஒரே பேஜாரு, கொட்டாவே பறந்துச்சு. நான் கண்ண மூடிகினு அங்க சாமானெல்லாம் பரண்ல ஏத்திகினு இருந்தேன். இந்தாளு பைத்தியமாடி ஒனக்குன்னு திட்டுச்சு. நெனப்புதான சார், அதுக்கு வாடவையா?"

லாசரஸ் அங்கேயே ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். தீபலட்சுமி எங்கே என்று கேட்டார்.

"அத்த கேக்காதீங்க சார்" என்றாள். ஆனால் சொன்னாள். ஆவணியில் கொட்டகையைப் பிரித்ததும் இங்கே வந்துவிட்டார்கள். இங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ். சைட்டில் வடக்கத்தி ஆள் நூறு பேர், வயசுப் பெண்ணை வைத்துக்கொள்ள முடியவில்லை. உத்திரமேரூரில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். படிப்பு அதோடு நின்றது. கார்த்திகையில் பதினெட்டு முடிந்தது. தை பிறந்ததும் நாத்தனார் மகனுக்கே கட்டிவைத்துவிட்டார்கள். "எந்நேரமும் அடுப்பாண்டதான் கீது. போனுகூட அது கையில தர மாட்றாங்க. ஒரு வூடு இருந்திருந்தா அனுப்பிருப்பேனா சார்?"

அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வீடு இல்லை, அதனால் அனுப்பினேன் என்று நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் லாசரஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு பெண்பிள்ளையின் படிப்பைத் தின்றுவிட்டோம் என்பது அவருக்கு முதல் தடவையாக முழுசாக விளங்கியது. அவர் அழுதார். அழுது முடித்து, வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை நீங்கள் கொடுப்பதைக் கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் சரி என்றார். தீபலட்சுமியைத் தனித்தேர்வராக எழுதவைக்கலாம், என் மனைவி சொல்லிக்கொடுப்பாள் என்றும் சொன்னார்.

"மாமியாருகிட்ட இன்னான்னு சொல்லி கூட்டியாறது சார்" என்றாள் அவள். ஆனால் வீடு என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு வருகிறேன், முதலில் ஒரு தரம் பார்க்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு முடிச்சூரில் பஸ் இறங்கி நடந்து வந்தாள். அன்புக்கு ட்யூட்டி, தனியாகத்தான் வந்தாள். துவைத்த புடவை, தலையில் ஒரு முழம் கனகாம்பரம். லாசரஸ் கேட்டைத் திறந்து, பூட்டைத் திறந்து, சாவியை அவள் கையிலேயே கொடுத்தார். முதலில் நீங்கள் போங்கள் என்றார். அவள் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஆறு படியும் ஏறினாள். கதவைத் தள்ளக் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே குரல் கேட்டது.

லாசரஸும் கேட்டார். அன்றைக்குப் பாடம் வேறு, ஏதோ செய்யுள். நீட்டி முழக்கி, மூச்சு வாங்குகிற இடத்தில் நிறுத்தி, விட்ட இடத்தைப் பிடித்து மேலே போனது. தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. அந்தச் சத்தத்தில் குரல் அமிழ்ந்து, லாரி போனதும் மறுபடி மேலே வந்தது. கன்னியம்மா கதவில் காதை வைத்தாள். பெற்றவளுக்கு அது யார் குரல் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நான் வூட்டத்தான சார் நெனச்சிகினேன்" என்றாள் கிசுகிசுப்பாக. "புள்ளைய ஒரு நாளும் இங்க வெச்சி நெனச்சதில்ல. நெனச்சா தாங்க மாட்டேன்னு வுட்டுட்டேன். அது தானா வந்துகீது சார். அங்க அடுப்பாண்ட குந்திகினு அதுவும் கண்ண மூடுது போல."

லாசரஸ் கதவைக் காட்டி, "உள்ள போங்கம்மா, உங்க வீடுதான்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டாள், சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது போல.

"வாணாம் சார். நான் போனா எந்திரிச்சி வந்துரும். அம்மா வந்துட்டான்னு புக்க மூடிடும். அப்பறம் காபி போடு, தண்ணி எடுன்னு நானே எதனா வேல சொல்லுவேன். எனக்கு வாய் சும்மா இருக்காது."

"அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

"கொட்டா கீதே சார்."

லாசரஸ் கெஞ்சிப் பார்த்தார். ஹாலில் மட்டும் இருங்கள், அந்த அறைப் பக்கம் போகாதீர்கள் என்றார். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. உள்ளே குரல் ஒரு சொல்லில் தடுக்கியது. மறுபடி சொல்லி மறுபடி தடுக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத கன்னியம்மா கதவைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். மூன்றாவது தரம் சொல் சரியாக வந்தது. அவள் முகம் மலர்ந்ததை லாசரஸ் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்த எந்தக் குடித்தனக்காரர் முகத்திலும் அவர் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. அதைப் பார்க்க அவருக்கு அருகதை இல்லை என்று தோன்றித் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். சாவியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். படி இறங்கி, செருப்பைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு கேட் வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"கொஞ்ச நாளைக்கு வேற யாரையும் குடி வெக்காதீங்கோ சார். மார்ச்சு ஒண்ணாந்தேதி தமிழ்ப் பரீட்ச. கரண்ட மட்டும் கட் பண்ணிராதீங்கோ."

லாசரஸ் சரி என்றார். சொன்ன சொல் உள்ளே கேட்டுவிடப் போகிறதே என்று பயந்து, மெதுவாகத்தான் சொன்னார். பரீட்சைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.